சளி டெஸ்ட்டா, ட்ரூநாட்டா, எக்ஸ்ரே வேனா? டிபி டெஸ்ட் பத்தி ஒரு அலசல்

எங்க மாமா மார்க்கெட்ல மூட்டை தூக்கறவர். மூணு மாசம் விடாம இருமினார், கேட்டா "பீடி இருமல்டா, இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா"ன்னு சொல்லிட்டு மெடிக்கல்ல டானிக் வாங்கிக் குடிச்சிட்டு வேலைக்குப் போயிடுவார். டிபின்னா எலும்பும் தோலுமா ஆகி ரத்தம் கக்கறவங்களுக்கு வர்றது, நமக்குத்தான் மூட்டை தூக்கற தெம்பு இருக்கேன்னு அவர் நெனப்பு. அவர் மட்டும் இல்லங்க, 2019-21ல நாடு முழுக்க எடுத்த டிபி சர்வேல அறிகுறி இருந்தவங்கள்லயே 64% பேர் எங்கயும் போய்க் காட்டல, ஏன்னு கேட்டா பெரும்பாலானவங்க அதைப் பெருசா எடுத்துக்கலன்னுதான் சொல்லியிருக்காங்க. அதனால எந்த மெஷின் நல்லாக் கண்டுபிடிக்கும்ங்கறதோட, எது இவர் மாதிரி ஆள் கிட்டப் போய்ச் சேரும்னும் சேர்த்துப் பாக்கணும்.

பழைய சளி டெஸ்ட், அதாவது மைக்ரோஸ்கோப். செலவு கம்மி, கவர்மென்ட்ல ஃப்ரீ. ஆனா ஒரு மில்லி சளியில 5,000ல இருந்து 10,000 கிருமியாவது இருந்தாத்தான் கண்ணுல படும், ஆரம்பத்துல இருக்கறவங்க தப்பிடுவாங்க. அதுவுமில்லாம ரெண்டு சாம்பிள், அன்னிக்கு ஒண்ணு, மறுநாள் விடிகாலைல ஒண்ணு, தினக்கூலிக்காரருக்கு அது ரெண்டு நாள் சம்பளம். மாமா முதல் டப்பா குடுத்தார், நெகட்டிவ்னு வந்துச்சு, ரெண்டாவது டப்பா வீட்டு அலமாரியிலயே கெடந்துச்சு.

சிபிநாட், ட்ரூநாட் ரெண்டும் கிருமியோட மரபணுவைத் தேடறது. மில்லிக்கு நூத்துச் சொச்சம் கிருமி இருந்தாலே சொல்லிடும், டிபிக்குக் குடுக்கற முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேக்குமா கேக்காதான்னும் தெரிஞ்சிடும். சிபிநாட்டுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், ஏசி ரூம், நிக்காத கரண்ட் எல்லாம் வேணும். கோவால தயாராகற ட்ரூநாட் பேட்டரிலயே ஓடும், அதனால பிஎச்சி, அதாவது ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் கொண்டு போக முடியுது. டெஸ்ட்னு பாத்தா என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா ஆள் வந்து சளி குடுத்தாத்தானே.

அங்கதான் தெருவுக்கே வந்து எக்ஸ்ரே எடுக்கற வேன் ஜெயிக்குது. நெஞ்சு எக்ஸ்ரே ஒரு நிமிஷ வேலை, சளி வராதவங்களுக்கும் எடுக்கலாம், இருமலே இல்லாதவங்களயும் காட்டிக் குடுக்கும். அதே சர்வேல எக்ஸ்ரே மட்டும் எடுக்காம விட்டிருந்தா கண்டுபிடிச்ச கேஸ்ல 42.6% கைநழுவிப் போயிருக்கும். குறை இல்லாம இல்ல, எக்ஸ்ரேல நிழல் தெரிஞ்சா அது டிபிதான்னு சொல்ல முடியாது, பழைய தழும்பாவும் இருக்கலாம், நிமோனியாவாவும் இருக்கலாம், அதனால சளி எடுத்து ட்ரூநாட் போட்டே ஆகணும். இன்னொண்ணு, வேன் காலைல பத்து மணிக்கு வந்தா வேலைக்குப் போறவங்க யாரும் இருக்க மாட்டாங்க. தெருவுல எல்லாரும் பாக்க நிக்கணுமேன்னு கல்யாணம் ஆகாத பொண்ணுங்க பக்கத்துலயே வரல, எங்க தெருவுல நானே பாத்தேன், அவங்களுக்கு ஆஸ்பத்திரிதான் வசதி.

பிரைவேட்ல சில பேர் ரத்த டெஸ்ட்ல பாத்துடலாம்பாங்க, தயவுசெஞ்சு அதுல காசைப் போடாதீங்க. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கற ஆன்டிபாடியைப் பாத்து டிபின்னு சொல்ற ரத்த டெஸ்ட்டை 2012லயே நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க. தோல்ல போட்டுப் பாக்கற மாண்டூ ஊசியும் கிருமி உடம்புக்குள்ள போயிருக்கான்னுதான் காட்டும், இப்ப நோய் இருக்கான்னு அது சொல்லாது.

என்னைக் கேட்டா வேன் முதல்ல வரணும், நிழல் தெரிஞ்சவங்ககிட்ட அங்கயே சளி வாங்கி அன்னிக்கே ட்ரூநாட்டுக்கு அனுப்பணும், மறுநாள் வாங்கன்னு சொன்னா பாதிப் பேர் வர மாட்டாங்க. மாமாவுக்கு அப்படித்தான் நடந்துச்சு. சாயங்காலம் மார்க்கெட் வாசல்ல வேன் நின்னுச்சு, கூட மூட்டை தூக்கறவர் வரிசையில நிக்கறதைப் பாத்துட்டு இவரும் போய் நின்னார், பாசிட்டிவ். இப்ப நாலாவது மாச மாத்திரை, சாப்பாட்டுக்கு மாசம் 1,000 ரூபா பேங்க்ல போடறாங்க. வீட்ல இருக்கறவங்களயும் டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க, அத்தை "எனக்குத்தான் இருமலே இல்லையே"ன்னு ரெண்டு வாரம் தள்ளிப் போட்டாங்க, கடைசில மாமாவே கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்துட்டு வந்தார்.