மென்பொருள் செய்விக்கும் கொழும்பு வியாபாரிகளுக்கு: படத்தை நம்பிக் கையொப்பமிட்டு நான் பட்டது

பழைய சோனகத் தெருவில் குழாய், பூட்டு, பெயின்ட் முதலியவற்றை மொத்தமாக விற்கும் எங்கள் கடைக்கு, வவுனியா, கண்டிக் கடைக்காரர்கள் கைத்தொலைபேசியிலேயே ஓடர் கொடுத்துப் பணமும் செலுத்தக்கூடிய மென்பொருள் ஒன்றைச் செய்து தருவதாகச் சொன்ன கம்பனிக்கு, 2023 நடுப்பகுதியில் ஒன்பது இலட்சம் ரூபாய் முற்பணம் கொடுத்தேன். ஓடர், களஞ்சியம், கொடுப்பனவு, விநியோகம் என நான்கு தனித்தனிச் சேவைகளாக, அதாவது தனித்தனியே இயங்கும் சிறு மென்பொருள்களாக அமைப்பதால், ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மாற்றலாம் என்றார்கள்.

தேவைகளை விவரிக்கும் ஆவணம் அறுபது பக்கம். ஏறக்குறைய முழுவதும் யூஸ் கேஸ் வரைபடங்கள், அதாவது மென்பொருளைக் கொண்டு யார் என்ன செய்யலாம் என்று காட்டும் படங்கள்: குச்சி மனிதர்கள், அவர்களிடமிருந்து கோடுகள், கோட்டின் முனையில் 'பணம் செலுத்துதல்' என்று எழுதிய முட்டை வடிவங்கள். அழகாகத்தான் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமிட்டேன்.

நவம்பரில் வவுனியா வாடிக்கையாளர் ஒருவரின் பணம் வங்கியிலிருந்து கழிந்துவிட்டது. அந்த நேரம் களஞ்சியச் சேவை பதிலளிக்காததால் ஓடர் பதிவாகவில்லை, பணமும் திரும்பவில்லை. முறையிட்டபோது கம்பனிக்காரர்கள் நான் கையொப்பமிட்ட ஆவணத்தையே விரித்து, பணத்தைத் திருப்புவது அதில் இல்லை, ஆகவே அது புதிய தேவை, அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். இல்லைதான். ஆனால் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். குழாய் விற்பவனுக்கு அது எப்படித் தெரியும்?

மென்பொருள் துறையில் இருக்கும் அக்காவின் மகள் ஆவணத்தைப் படித்துவிட்டு, "மாமா, ஒரு சேவை மற்றச் சேவைக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது என்று இதில் ஓரிடத்திலும் இல்லையே" என்றாள். எல்லாத் தரவும் ஒரே தரவுத்தளத்தில் இருந்தால் பாதியில் நின்ற வேலையை முழுவதுமாக இரத்துச் செய்துவிடலாம். சேவைகள் தத்தம் தரவுத்தளத்தோடு பிரிந்து நிற்கும்போது, எடுத்த பணத்தைத் திருப்பும் எதிர்ச்செயலையும் அதைத் தொடங்க வேண்டிய சேவையையும் முன்கூட்டியே வரையறுத்தாக வேண்டும். ஒரு சேவை எந்த விவரத்தைப் பெற்று எதைத் தரும், எத்தனை விநாடிக்குள் தரும், தராவிட்டால் என்ன நடக்கும் என்பவற்றை யூஸ் கேஸ் படம் காட்டாது. சேவைகளுக்கிடையிலான இத்தகைய உடன்படிக்கைகளை வரைவதற்கென்றே மென்பொருள் தரநிலைகளை வெளியிடும் ஓஎம்ஜி (OMG) அமைப்பு 2012இல் சோஎம்எல் (SoaML) என்ற மாதிரியாக்க மொழியை வெளியிட்டிருக்கிறது. அது இல்லாவிட்டாலும், சேவைக்கு ஒரு பக்கம் சாதாரணத் தமிழில் எழுதியிருந்தாலே எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

அடுத்த அடி 2024 ஜனவரி 1ஆம் திகதி விழுந்தது. வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. வரி வீதத்துக்கு எந்தச் சேவை பொறுப்பு என்று எவரும் தீர்மானிக்காததால், அது ஓடர் சேவையிலும் கொடுப்பனவுச் சேவையிலும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தது. ஒன்றை மட்டும் மாற்றினார்கள். பற்றுச்சீட்டு 18 காட்ட, வசூலானது 15. மூன்று நாள் வித்தியாசம் என் கையிலிருந்து போனது. இரண்டாவது இடத்தை மாற்றியதற்கும் பில் அனுப்பினார்கள் (அதை இன்னும் வைத்திருக்கிறேன்).

கையொப்பமிடுமுன் ஏதேனும் இரண்டு சேவைகளைச் சுட்டிக்காட்டி, "இதில் ஒன்று படுத்துவிட்டால் என்ன நடக்கும், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "அதைப் பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால் முற்பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மிகுதிப் பணத்தை நான் நிறுத்திவைத்திருக்கிறேன். சேவர் கடவுச்சொற்களை அவர்கள் நிறுத்திவைத்திருக்கிறார்கள். வவுனியா ஓடர்கள் பழையபடி தொலைபேசியில் வருகின்றன.