டூப்ளெக்சர் டியூனிங்கில் சமிக்ஞைக் கசிவு: கேபிளை மாற்றுவதா, கருவியை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா?

இரண்டு மீட்டர் அலைவரிசையில் இயங்கும் ஹாம் (அமெச்சூர் வானொலி) ரிப்பீட்டரில், அதாவது கேட்ட சமிக்ஞையை உடனே வேறு அலைவெண்ணில் திருப்பி அனுப்பும் நிலையத்தில், வாங்கும் அலைவெண்ணுக்கும் அனுப்பும் அலைவெண்ணுக்கும் இடையே இருப்பது 600 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. ஒரே ஆன்டெனா வழியாக 25 வாட், அதாவது 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை 0 எனக் கொண்ட டெசிபல் அளவு), வெளியேறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் கால் மைக்ரோவோல்ட் சமிக்ஞையையும் ரிசீவர் கேட்டாக வேண்டும் என்பதால், இரண்டையும் பிரிக்கும் வடிகட்டியான டூப்ளெக்சர் ஒவ்வொரு பக்கமும் 80 முதல் 90 டெசிபல் வரை தடுக்க வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் நிறுவப்படும் ரிப்பீட்டருக்குத் தொலைவிலுள்ள கையடக்கக் கருவிகளின் மெலிந்த சமிக்ஞைகளும் வந்து சேரும். தடுப்பு சில டெசிபல் குறைந்தாலும் முதலில் காணாமல் போவது அவைதான்.

90 டெசிபல் என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவை மேசையில் அளக்கும்போது, டூப்ளெக்சருக்குள் போகாமல் கேபிளின் கம்பிப் பின்னல் உறையின் இடுக்கு வழியாகவோ, கருவியின் பெட்டி வழியாகவோ தாண்டிச் செல்லும் சிறு சமிக்ஞைகூட அளவீட்டைக் கெடுத்துவிடும். உண்மையான தடுப்பு 90 டெசிபலாகவும், கசிவு 75 டெசிபல் மட்டுமே குறைந்ததாகவும் இருந்தால், டூப்ளெக்சரின் டியூனிங் திருகை எவ்வளவு திருப்பினாலும் திரை 75ஐ ஒட்டியே நிற்கும். இதைவிடத் தொல்லையானது இன்னொன்று: தடுப்பு 75ஐத் தொடும் நிலையில் இரு சமிக்ஞைகளும் எதிர்க்கட்டத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டால், திரையில் மிக ஆழமான பள்ளம் (தடுப்பு மிக அதிகம் என்பது போன்ற தோற்றம்) தோன்றும், டியூன் செய்பவர் மகிழ்ந்து திருகை இறுக்கிவிடுவார். கேபிளைக் கையால் பற்றி அசைக்கும்போது அந்தப் பள்ளம் நகர்ந்தால் அது பொய்ப் பள்ளம்.

கேபிள்தான் மலிவான தீர்வு. என் கணிப்பில் முதல் தீர்வும் அதுவே. கடையில் எளிதில் கிடைக்கும் ஆர்ஜி-58 ஒற்றைப் பின்னல் கொண்டது, இந்த வேலைக்குப் போதாது. ஏறத்தாழ அதே தடிமனுள்ள ஆர்ஜி-223, வெப்பம் தாங்கும் ஆர்ஜி-400 ஆகிய இரண்டிலும் வெள்ளி முலாம் பூசிய செம்புப் பின்னல் இரட்டையாக இருக்கிறது. கொலுசுக்குப் பெயர்போன சேலத்தில் வெள்ளி என்றதும் விலைதான் நினைவுக்கு வரும் என்றாலும், இங்கே தேவைப்படுவது குட்டையான இரண்டு துண்டுகள்தான். கனெக்டர்களில் திருகி இறுக்கும் ‘N’ வகையே நம்பத்தக்கது. பிஎன்சி அதற்கு அடுத்தது. பிஎல்-259 கனெக்டரை இந்த மேசையில் வைக்காமலிருப்பது நல்லது.

கருவியை மாற்றுவது என்று முடிவெடுத்தால், ஒப்பீடு அத்தனை எளிதல்ல. முதல் தலைமுறை நானோவிஎன்ஏ (கையடக்க நெட்வொர்க் அனலைசர்) 300 மெகாஹெர்ட்ஸ் வரை சுமார் 70 டெசிபல்தான் பார்க்கும். மின்மறுப்பைச் சீராக்க இருபுறமும் 6 டெசிபல் அட்டெனுவேட்டர் வைத்தால் அதிலும் 12 போய்விடும். ஆகவே வளைவின் வடிவத்தையும் கடப்பு இழப்பையும் (கடந்து செல்ல வேண்டிய சமிக்ஞை வழியில் இழப்பதையும்) பார்க்க அது அருமையான கருவி, பள்ளத்தின் அடியைப் பார்க்க அல்ல. டிராக்கிங் ஜெனரேட்டர் (சோதனைச் சமிக்ஞையைத் தானே தரும் பகுதி) உள்ள ஸ்பெக்ட்ரம் அனலைசர் இன்னும் ஆழம் பார்க்கும். ஆனால் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், உள்ளே கசிவு இருந்தால் வெளியிலிருந்து எதுவும் செய்ய இயலாது. சிக்னல் ஜெனரேட்டரையும் ரிசீவரையும் தனித்தனியாகப் பயன்படுத்தும் பழைய முறையில் வளைவு தெரியாது, பொறுமையும் வேண்டும். எனினும் ஜெனரேட்டர் 0 டிபிஎம் தர, ரிசீவர் −119 டிபிஎம்மை (அதே கால் மைக்ரோவோல்ட்) கேட்க, ஏறத்தாழ 120 டெசிபல் வீச்சு கிடைக்கிறது. இரண்டையும் மேசையின் இரு மூலைகளுக்கு நகர்த்தலாம், ரிசீவரை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி மின்கம்பி வழிக் கசிவையும் அறுக்கலாம். எதைப் பயன்படுத்தினாலும், டூப்ளெக்சரைக் கழற்றிவிட்டு இரு கேபிள் முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டிப் பார்க்க வேண்டும். அப்போது தெரியும் கசிவு, அளக்க விரும்பும் ஆழத்தைவிட இருபது டெசிபலாவது கீழே இருந்தால்தான் அளவீட்டை நம்பலாம்.

மூன்றாவது கேள்வி, டியூனிங்கை மலையடிவாரத்துச் சேலத்திலேயே முடிப்பதா, மலையில் செய்வதா என்பது. மலையுச்சியில் பக்கத்துக் கோபுரங்களின் சமிக்ஞைகளும் திறந்த மேசையில் வந்து புகும். அளவீட்டுக்கு அது ஏற்ற இடமல்ல. கீழே டியூன் செய்த கேவிட்டிகளோ (டூப்ளெக்சரின் உலோக அறைகள்) இருபது கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலையும், சேலத்துக் கோடையிலிருந்து மலைக் குளிருக்கு மாறும் வெப்ப வேறுபாட்டையும் தாங்க வேண்டும்; வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரியும் இன்வார் உலோகத் தண்டுள்ள பெரிய கேவிட்டிகள் தாங்கும், தட்டையான சிறு பெட்டிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே கீழே முழுமையாக டியூன் செய்து, பூட்டு நட்டுகளை இறுக்கி, மேலே சரிபார்ப்பை மட்டும் செய்வதே உகந்தது. அங்கே மெலிந்த சமிக்ஞை ஒன்றை ரிசீவருக்குச் செலுத்தியபடி டிரான்ஸ்மிட்டரை இயக்கி அணைக்க வேண்டும். முதலில் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் மின்தடையில்), பிறகு ஆன்டெனாவில். டம்மி லோடில் தெளிவாக இருந்த ஒலி ஆன்டெனாவில் மட்டும் இரைந்தால், டூப்ளெக்சரின் திருகைத் தொடக் கூடாது. ஆன்டெனா இணைப்புக்கு எல்எம்ஆர்-400 கேபிள் போட்டிருந்தால் அதைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும்: கசிவைத் தடுப்பதில் அது வலியது என்றாலும், அதன் அலுமினியத் தாளும் வெள்ளீயம் பூசிய பின்னலும் உரசுமிடத்தில், அனுப்புதலும் வாங்குதலும் ஒரே நேரத்தில் நடக்கும்போது இரைச்சல் பிறப்பதுண்டு.