வெள்ளவத்தையில் தோற்பாவைக்கூத்து: கலைஞரின் உரையும் ஆட்டமும்

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கலைஞர் குடும்பம் அண்மையில் கொழும்பு வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில், தோலால் செய்த பாவைகளை விளக்கொளியில் திரைக்குப் பின்னால் ஆட்டிக் கதை சொல்லும் தோற்பாவைக்கூத்தை நிகழ்த்தியது. முதலில் குடும்பத் தலைவர் தமது தொழில் வாழ்வைப் பற்றிப் பேசினார். பின்னர் அனுமன் இலங்கைக்கு வரும் பகுதி ஆடப்பட்டது.

மராட்டியர் தஞ்சையை ஆண்ட காலத்தோடு தொடர்புபட்ட, வீட்டில் மராத்தி பேசுகின்ற மண்டிகர் சமூகத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதில் திரைக்குப் பின்னால் தந்தைக்குப் பாவைகளை எடுத்துக் கொடுத்தும் ஜால்ரா தட்டியும் கூத்தைக் கற்றதையும், ஊர் ஊராகச் சென்று கூடாரமடித்து, பட்டாபிஷேகம் வரையில் பல இரவுகள் இராமாயணம் ஆடியதையும், தொலைக்காட்சி வந்தபின் ஊர்கள் அழைப்பதை நிறுத்தியதையும் அவர் நிதானமாகச் சொன்னார். இன்று பாடசாலைகளிலும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளிலும்தான் பிழைப்பு என்றார். கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் இதே கலை பத்திரகாளி கோயில்களில் கூத்துக்கென்றே கட்டிய கூத்துமாடங்களில் கம்பன் பாடல்களோடு வழிபாடாக நடைபெறுகிறது. அந்த மரபைச் சேர்ந்த இராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. கோயிலின் ஆதரவு இல்லாமல், பார்ப்போர் தரும் பணத்தை மட்டும் நம்பி நாடோடிகளாக வாழ்ந்தவர்களின் கூத்து எவ்வளவு விரைவில் நலியக்கூடும் என்பதை வெள்ளவத்தைக்கு வந்த கலைஞரின் உரை எனக்கு நன்கு உணர்த்தியது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதானால், அது அவருடைய குரலின் ஆட்டமே. இராவணனின் அதட்டல், சீதையின் விம்மல், கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இடையிடையே வந்து அடிக்கும் பகடி ஆகிய அனைத்தையும் ஒருவரே பேசிப் பாடிக்கொண்டு, இரு கைகளாலும் பாவைகளை இயக்கி, சண்டை வரும்போது காலால் கட்டையைத் தட்டி அடியின் ஓசையையும் எழுப்பினார். அவருடைய மனைவி ஆர்மோனியம் வாசிக்க, மகன் மிருதங்கம் வாசித்தார். ஆட்டுத்தோலை மெல்லியதாகப் பதப்படுத்தி, உளியால் நுண்துளைகள் இட்டு, சாயம் தீட்டிய பாவைகள் என்பதால் திரையில் விழுவது கறுப்பு நிழலன்று. சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் உருவங்கள். வாலில் தீயுடன் அனுமன் தாவியபோது, எரிவது நமது இலங்கைதான் என்பதைப் பொருட்படுத்தாமல் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள்.

ஏற்பாட்டாளர்கள் மீது எனக்குக் குறை உண்டு. மண்டபத்தின் பக்க விளக்குகளை அணைக்காததால் பாவைகளின் நிறம் மங்கிப் போயிற்று. ஒலிபெருக்கியின் இரைச்சலில் பாடல்களின் சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை. நாகர்கோவில் பக்கத்து நாஞ்சில் நாட்டுப் பேச்சு வழக்குக்குப் பழக்கமில்லாத எம்மவர்க்கு உச்சிக்குடும்பனின் வேடிக்கைகளில் பாதி இதனால் தவறிப் போயிருக்கும். அதைவிடப் பெரிய குறை, ஆட்டம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் செல்லச் சபையோருக்கு மிகக் குறைந்த நேரமே தந்தமை. பாவைகளைக் கையில் எடுத்துப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் காத்திருக்க, மண்டபத்தை மூட வேண்டும் என்று அனைவரையும் வெளியேற்றிவிட்டார்கள்.

நுழைவுச்சீட்டின் விலை நியாயமானது. மீண்டும் நடைபெற்றால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நேரத்தோடு சென்று, முன்வரிசைகளின் நடுவில் அமருங்கள். ஓரத்துக் கதிரைகளிலிருந்து திரை சரியாகத் தெரிவதில்லை.