சும்மா நிற்கிற காருக்கு இந்தச் சின்ன சார்ஜர் போதும்

காட்பாடியில் எங்கள் கார் வருஷத்துக்கு ஐந்து மாதம் போர்டிகோவில் சும்மா நிற்கும், பேத்தியைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருவரும் ஓசூர் போய்விடுவோம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான். இப்படியே இரண்டு பேட்டரி வீணாகிவிட்டது.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஒரு டிராவல் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) வைத்திருக்கிறார், பனிக்காலம் முழுக்க அதை நிறுத்தித்தான் வைப்பார். அங்கே சார்ஜ் இறங்கிய பேட்டரி குளிரில் உறைந்து வெடிப்பு விட்டுவிடும் என்பதால் விட்டு விட்டுச் சார்ஜ் ஏற்றும் சார்ஜரை அதில் மாட்டி வைப்பாராம். நம் வேலூரில் உறைகிற பேச்சே இல்லை, இங்கே வெயில்தான் எதிரி. 10 டிகிரி சூடு ஏறினால் பேட்டரி தானாக இறங்குகிற வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது.

அது போக கடிகாரம், அலாரம் எல்லாம் நிறுத்தியிருக்கும்போதும் கரண்ட் இழுக்கும். என் காரில் அளந்தபோது 30 மில்லி ஆம்பியர் காட்டியது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் 35 ஆம்பியர்-ஹவர் (Ah) கொள்ளளவுள்ள என் பேட்டரியில் 24 நாளில் பாதி காலி!

வாங்கியது 2 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜர், விலை 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். 14.4 வோல்ட் வரை ஏற்றிவிட்டு 13.6 வோல்ட்டில் நிறுத்திப் பிடித்துக்கொள்கிறது. நான் முக்கியமாகப் பார்த்தது கரண்ட் போய் வந்தால் தானாக மறுபடி ஆரம்பிக்கிறதா என்பதைத்தான், ஏனென்றால் முதலில் வாங்கிய ஒன்றில் ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்த வேண்டியிருந்தது, பூட்டிய வீட்டில் யார் அழுத்துவது? அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இது தானாகவே ஆரம்பிக்கிறது, மெயினை ஐந்தாறு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினேன்.

குறை என்றால் வயர் ரொம்பக் குட்டை, க்ளிப்பும் லேசானது, அதனால் டெர்மினலில் போல்ட் போட்டு முடுக்குகிற வளைய வயரைத் தனியாக வாங்கினேன். டிஸ்டில்ட் வாட்டர் அளவை நாம்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டுத் தம்பி மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இரண்டு மூன்று வாரம்தான் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் இது வேண்டாம், மைனஸ் வயரைக் கழற்றி வைத்தாலே போதும்.

ஜூனில் வந்து சார்ஜரைக் கழற்றி, ஒரு ராத்திரி விட்டு அளந்தேன், 12.7 வோல்ட், அதாவது முழுச் சார்ஜ். சாவியைத் திருப்பியதும் ஒரே செல்ஃபில் வண்டி எடுத்துக்கொண்டது.