சைட் ஸ்டெப்பா, ரொக் ரெயிலா: தோட்டப் பாதைக்கு எது?

ஹட்டன், நுவரெலியா, அப்புத்தளை என்று தார்ப் பாதையிலேயே ஓடுகிற ஜீப்புக்கு, கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறப் பூட்டுகிற படியான சைட் ஸ்டெப் தாராளமாகப் போதும். சேலை கட்டிய பாட்டி ஏறி இறங்க அகலமான தட்டைப் படிதான் வசதி; அதே இடத்தில் கல்லடி தாங்கப் பூட்டுகிற ரொக் ரெயிலின் உருண்டைக் குழாய் மழையில் வழுக்கும்.

லயத்துக்கு ஏறுகிற கல் பாதையில் கதையே வேறு. மழை மண்ணை அரித்துக்கொண்டு போனபிறகு கல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், ஒரு பக்க டயர் காணுக்குள் இறங்கினால் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு நேராகக் கல்லில் போய் உட்காரும். சைட் ஸ்டெப் ஆள் எடையை மட்டும் தாங்கச் செய்யப்பட்டது. வண்டியின் பாரம் விழுந்தால் அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட் வளைந்து, படி மேலே மடங்கி, கதவின் அடியையே நெளித்துவிடும். கீழே தொங்குவதால் முதலில் இடிபடுவதும் அதுதான்.

ரொக் ரெயில் செசியோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்த தடித்த இரும்பு. வண்டியின் பாரம் அதில் இறங்கினாலும் கல்மேல் சறுக்கிக்கொண்டு போய்விடும், ஒழுங்காகப் பொருத்தியிருந்தால் வண்டியை உயரத் தூக்குகிற ஹை-லிப்ட் ஜாக்கியையும் அதில் கொடுக்கலாம். எடையும் விலையும் கூடத்தான். ஜிம்னி, ஹைலக்ஸ் மாதிரி தனி செசி உள்ள வண்டிக்குத்தான் இது நன்றாகச் சரிவரும்.

வாரத்தில் ஒரு நாளாவது தோட்டத்துக்குள் போகிறீர்களா? மேலே செக்கர் பிளேட் (கால் வழுக்காத புடைப்புத் தகடு) அடித்த ரொக் ரெயிலைப் போடுங்கள், பாட்டிக்கும் கால் வைக்க இடம் கிடைக்கும். வெல்டிங் பண்ணிய இடத்தில் பெயின்ட் உரிந்தால் உடனே பூசிவிடுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு துரு சீக்கிரம் ஏறும்.