பழைய கன்டெய்னரா, முழு ஸ்டேட்டிக்கா: லினக்ஸ் பைனரிக்கு இரு வழிகள்

உபுண்டு 22.04-இல் பில்டு செய்த எங்கள் சி++ நிரலை, டெபியன் 11 ஓடும் சர்வரில் வைத்ததும், ஜிலிப்சியின் (லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி) 2.34 பதிப்பு கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. முன்னதில் இருப்பது 2.35, பின்னதில் 2.31. புதிய வசதி எதையும் நாங்கள் அழைக்கவில்லையே என்று பைனரியின் உள்ளடக்கத்தைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியில், அது லைப்ரரியிடம் கேட்கும் செயற்கூறுகளின் பெயர்களைப் பார்த்தபோது, 2.34-ஐக் கேட்டவற்றுள் நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறும் இருந்தது. 2021 ஆகஸ்டில் வந்த அந்த வெளியீட்டில் அச்செயற்கூறுக்குப் புதிய பதிப்பு முத்திரை இடப்பட்டதால், அதற்குப் பின் கட்டப்படும் நான்கு வரி நிரல்கூடப் பழைய சர்வரில் ஓடாது.

ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு) தனித்தனியாகக் கட்டுவது சிறிய குழுவுக்குக் கட்டுப்படியாகாது. எஞ்சியவை இரண்டு: பழைய டிஸ்ட்ரோவின் கன்டெய்னருக்குள் (கணினிக்குள் தனித்து இயங்கும் சூழல்) கட்டுவது, அல்லது ஜிலிப்சிக்கு மாற்றான மஸ்ல் என்ற சி லைப்ரரியைக் கொண்டு எல்லாவற்றையும் ஸ்டேட்டிக்காக, அதாவது பைனரிக்குள்ளேயே பொதித்து, இணைப்பது. நாங்கள் முதலாவதைத் தேர்ந்தோம்.

மஸ்லின் கவர்ச்சி வெளிப்படையானது: ஒரே கோப்பு, எந்த லைப்ரரியையும் தேடாது. ஆனால் அப்படிக் கட்டிய நிரலில், இயங்கும்போது பிளகின்களை ஏற்ற முடியாது. பல திரெட்கள் சேர்ந்து நினைவகம் கேட்கும்போது அதன் இயல்பான ஒதுக்கீட்டு முறை மந்தமாகும் என்பதும் அறிந்ததே. நான் இரண்டு சிறு கருவிகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். அவற்றில் குறை எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்களைத் திருப்பியது பராமரிப்பு. 2016 பிப்ரவரியில், பெயரை ஐபி முகவரியாக மாற்றும் ஜிலிப்சி செயற்கூறில் கடுமையான பாதுகாப்புப் பிழை வெளியானது. சர்வரில் உள்ள பகிர்வு லைப்ரரியை நம்பிய நிரல்களுக்கு, சர்வர் நிர்வாகி அப்டேட் செய்து அவற்றை மறுபடி தொடங்கினால் போதுமாயிருந்தது. ஜிலிப்சியையே உள்ளே பொதித்து வைத்திருந்தவற்றை மறுபடி கட்டி, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சேர்க்க வேண்டியிருந்தது. மஸ்லில் அதே பிழை இல்லை என்றாலும், பிழை எந்த லைப்ரரியில் வந்தாலும் சுமை கட்டியவர் தலையிலேயே விழும் என்பது மாறாது. நாங்கள் ஆண்டுக்கு இரண்டு வெளியீடுகளே தருகிறோம் என்பதால் இது எங்களுக்கு முக்கியமாகப் பட்டது.

இப்போது அல்மாலினக்ஸ் 8 என்ற பழைய டிஸ்ட்ரோவின் கன்டெய்னரில் கட்டுகிறோம். அதன் ஜிலிப்சி 2.28 என்பதால் டெபியன் 10 முதல் ஓடுகிறது. கம்பைலர் பழைய ஜிசிசி 8.5-ஆக இருக்க வேண்டியதில்லை; அங்குக் கிடைக்கும் ஜிசிசி-டூல்செட், புதிய கம்பைலரைத் தந்து, பழைய சி++ லைப்ரரியில் இல்லாத பகுதிகளை மட்டும் நிரலுக்குள் ஸ்டேட்டிக்காக இணைத்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. அங்குள்ள ஓப்பன்எஸ்எஸ்எல் (மறைகுறியாக்க லைப்ரரி) 1.1.1; உபுண்டு 22.04-இல் 3.0. எனவே அதை மட்டும் நாங்களே உடன் கொண்டுசெல்கிறோம், அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் எங்கள் பொறுப்பு. மேலே சொன்ன வாதம் அவ்விடத்தில் எங்களுக்கும் எதிராகவே நிற்கிறது. 2015-இல் ஜிசிசி 5 ஸ்ட்ரிங் வகையின் உள்ளமைப்பை மாற்றியதற்கு முந்தைய முறையில் கட்டிய, மூல நிரல் கிடைக்காத மூடிய லைப்ரரி ஏதேனும் கையில் இருந்தால், இவ்விரு வழிகளும் உதவாது. மொத்த நிரலையும் அந்தப் பழைய அமைப்புக்கே இறக்கிக் கட்ட வேண்டும்.

பில்டின் கடைசிப் படியில் ஆப்ஜ்டம்ப் வெளியீட்டைச் சோதித்து, 2.28-க்கு மேற்பட்ட முத்திரை ஒன்று தென்பட்டாலும் பில்டை நிறுத்திவிடுகிறோம்.