அஞ்சு ஹெட்ஃபோன், மூணு ஆம்ப், ஒரு மல்டிமீட்டர்

மொதல்லயே சொல்லிடறேன், இத எழுத எனக்கே கொஞ்சம் கடுப்பாதான் இருக்கு. ஏன்னா ஆம்ப் (ஹெட்ஃபோனுக்கு போற சிக்னல பெருசாக்கற பெட்டி) மாத்துனா சவுண்டே வேற ஆயிடும்னு நாலு வருஷமா எல்லார்கிட்டயும் அடிச்சு பேசிட்டு திரிஞ்ச ஆளு நான். ஒவ்வொரு ஆம்ப் வாங்கும்போதும் பேஸ் இறுகிடுச்சு, வாய்ஸ் முன்னாடி வந்துடுச்சு, பின்னணி கருப்பாயிடுச்சுன்னு என்னென்னமோ சொல்லிருக்கேன், பொய் இல்ல, அப்ப நெஜமாவே அப்படிதான் கேட்டுச்சு. இந்த தடவ ஒரு நண்பர் ரெண்டு பெரிய ஹெட்ஃபோன மூணு வாரத்துக்கு நம்பி குடுத்தாரு, சரி ஒழுங்கா உக்காந்து கம்பேர் பண்ணிடலாம்னு ஆரம்பிச்சேன், அதுல என் வாய் அடங்குன கதைதான் இது.

கைல இருந்தது: சென்ஹைசர் எச்டி 650, அதே கம்பெனியோட எச்டி 800 எஸ், ஆடிஸி எல்சிடி-எக்ஸ், இது மூணும் என்னோடது. நண்பர் குடுத்தது ஃபோகல் யுடோப்பியாவும் (2016ல வந்த மொத வெர்ஷன்) ஹைஃபைமேன் சுஸ்வாராவும். ஆம்ப் பக்கம் ட்ராப்போட டிஎச்எக்ஸ் ஏஏஏ 789, நானே சால்டர் பண்ண ஒரு ஓடிஎல் ட்யூப் கிட் (அவுட்புட்ல ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்), அப்பறம் சும்மா கிண்டலுக்குனு சேத்துக்கிட்ட ஆப்பிள் யுஎஸ்பி-சி டாங்கிள், அதான் ஃபோன்ல ஹெட்ஃபோன் சொருகற குட்டி அடாப்டர். கிண்டல் யார் மேல திரும்புச்சுனு பின்னாடி சொல்றேன்.

ஆம்ப் கம்பேர் பண்றவங்க முக்காவாசி பேர் விடுற தப்பு வால்யூம சமம் பண்ணாம விடறது. காதால சமம் பண்ணேன்னு சொல்லுவாங்க, அதெல்லாம் ஆகாது. அரை டெசிபல் கூடுதலா இருந்தா அது 'சத்தமா இருக்கு'ன்னு நமக்கு தெரியாது, 'நல்லா இருக்கு'ன்னுதான் தெரியும். அதனால 400 ஹெர்ட்ஸ் சைன் டோன ஓட விட்டு, ஹெட்ஃபோன் மாட்டுன நெலைலயே ஆம்ப் அவுட்புட்ட மல்டிமீட்டர்ல அளந்து 300 மில்லிவோல்ட்டுக்கு கொண்டு வந்தேன். 3 மில்லிவோல்ட் தள்ளிப் போனா கிட்டத்தட்ட 0.1 டெசிபல், அதுக்குள்ள நிறுத்தணும். ஏன் 400னா, சாதா மல்டிமீட்டர் பல மாடல் அதுக்கு மேல ஏசி வோல்ட்டேஜ நம்பிக்கையா காட்டாது. இன்னொண்ணு, வால்யூம் நாப் ரொம்ப அடியில இருந்தா லெஃப்ட் ரைட் சமமா வராது, பொட்டென்ஷியோமீட்டர் போட்ட ஆம்ப் எல்லாத்துலயும் இருக்கற வியாதி அது, அதனால 789ஐ லோ கெய்ன்ல (சிக்னல கம்மியா பெருசாக்கற செட்டிங்) வச்சு நாப்ப கொஞ்சம் மேல ஏத்திக்கிட்டேன்.

ஸ்விட்ச் பாக்ஸ்கிட்ட என் தம்பிய உக்கார வச்சேன். அவன் காசு சுண்டி ஏ-வா பி-யானு முடிவு பண்ணுவான், நான் முதுக காட்டிக்கிட்டு உக்காந்து எந்த ஆம்ப் ஓடுதுன்னு சொல்லணும். 16 தடவை. சும்மா குருட்டாம்போக்குல சொன்னா 12ஓ அதுக்கு மேலயோ சரியா வர்ற வாய்ப்பு 4 சதவீதம் கூட கிடையாது, அதனால 12 எடுத்தா பாஸ்னு வச்சுக்கிட்டோம். மொத ரவுண்டு டாங்கிளா 789ஆ, எச்டி 650ல, நான் 16க்கு 16. மீச இருந்தா முறுக்கிருப்பேன். அப்பறம்தான் தெரிஞ்சது, டாங்கிள்லயும் 789க்கு போற டாக்லயும் (டிஜிட்டல் பாட்ட ஆம்ப்புக்கு ஏத்த சிக்னலா மாத்தற பெட்டி) ஒரே நேரத்துல ஓட விட்டதுல ஒண்ணு இம்மி பின்னாடி வருது, ஸ்விட்ச் மாத்தும்போது பாட்டு லேசா தாவுது, என் காது அத புடிச்சு வச்சிருக்கு. அது செல்லாது. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, முதல்லருந்து போட்டு திரும்ப பண்ணோம். 16க்கு 9.

ஒம்போது. நானே நம்பல, மறுநாள் காலைல காது ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது பண்ணேன், 7 தான் வந்துச்சு. தம்பி ஒண்ணும் சொல்லல, ஃபோன நோண்டிக்கிட்டே சிரிச்சான், அது போதாதா.

ஏன் அப்படினு யோசிச்சு பாத்தா ஆச்சரியமே இல்ல. அந்த டாங்கிள் அதிகபட்சம் 1 வோல்ட் குடுக்கும் (ஐரோப்பால விக்கற வெர்ஷன் அதுல பாதிதான், அத வாங்கிடாதீங்க, ஆண்ட்ராய்டுலயும் சில ஃபோன்ல வால்யூம் முழுசா ஏறாது), அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்ப்புக்குள்ளயே சிக்னல தடுக்கற அளவு) 1 ஓம் பக்கம். எச்டி 650 ஸ்பெக்ல 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல்னு போட்டிருக்கு. நான் கேக்கறது சராசரியா 75 டெசிபல், பீக்குக்கு இன்னொரு 20 போட்டாலும் 95தான் ஆகுது. இடம் மிச்சம் இருக்கு. 789ல அதுக்கு மேல எவ்வளவோ பவர் இருக்கு, ஆனா தேவைப்படாத பவர் காதுக்கு வர்றதில்லயே, சும்மா டப்பாக்குள்ளதான் இருக்கு.

இப்ப ட்யூப் ஆம்ப். இங்கதான் ஆட்டம் மாறுது. 650ல 789க்கும் ட்யூபுக்கும் 16க்கு 15 சரியா சொன்னேன், அந்த ஒண்ணும் கவனம் செதறிப் போனதுல விட்டது. மிருதங்க தனி ஆவர்த்தனம் ஒண்ணு போட்டேன், தொப்பி பக்கம் விழற அடி ட்யூப்ல ஒரு சுத்து பருத்து வருது, தம்புராவுக்கும் அடியில ஒரு மெத்த போட்ட மாதிரி இருக்கு. நாலு வருஷமா நான் 'ட்யூப் மேஜிக்'னு பாடிக்கிட்டு இருந்தது இதத்தான்.

அந்த மேஜிக் எங்கேர்ந்து வருதுன்னா, இந்த ஓடிஎல் ஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸ் 120 ஓம் பக்கம். எச்டி 650 பேருக்குத்தான் 300 ஓம், 80-90 ஹெர்ட்ஸ் கிட்ட ட்ரைவர் (சத்தம் எழுப்பற பாகம்) தானா அதிகமா அதிர்ற எடத்துல, அதாவது ரெசனன்ஸ்ல, அது கிட்டத்தட்ட 500 ஓமுக்கு ஏறும். இம்பீடன்ஸ் ஏறுற எடத்துல வோல்ட்டேஜ் பங்கு ஹெட்ஃபோனுக்கு கூடுதலா போகும். 500ஐ 620ஆல வகுத்துப் பாருங்க, 300ஐ 420ஆல வகுத்துப் பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல சுமாரா 1 டெசிபல் வித்தியாசம் வரும், அவ்ளோதான் சமாச்சாரம். சரி பாத்துடலாம்னு 789க்கு போற சிக்னல்ல 85 ஹெர்ட்ஸ்ல அகலமா ஒரு 1 டெசிபல் மேடு ஈக்வலைசர்ல போட்டேன், திரும்ப தம்பி, திரும்ப காசு, திரும்ப முதுகு. 16க்கு 10. அதாவது பாஸ் ஆகல. ஒரு மாசம் சால்டரிங் அயர்ன்ல வெரல சுட்டுக்கிட்டு நான் கட்டுன ஆம்ப்ப ஈக்வலைசர்ல ஒரு கோடு சமாளிச்சுடுச்சு. ட்யூபோட ஹார்மானிக் டிஸ்டார்ஷன் பாட்டுக்கு ஒரு தனி ருசி குடுக்கும்னு சொல்றவங்க இருக்காங்க, இருக்கலாம், ஆனா இந்த ஆம்ப்ல இந்த வால்யூம்ல நான் கேட்டது முக்காவாசி அந்த 1 டெசிபல்தான்னு நெனைக்கிறேன்.

அதே ட்யூப் ஆம்ப்ல எல்சிடி-எக்ஸ் போட்டேன், பண்ணக்கூடாதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். அது 20 ஓம். 120 ஓம் ஆம்ப்ல 20 ஓம் ஹெட்ஃபோன போட்டா ஆம்ப் குடுக்கற வோல்ட்டேஜ்ல ஏழுல ஒரு பங்குதான் ஹெட்ஃபோனுக்கு வரும், மிச்சத்த ஆம்பே முழுங்கிடும். பிளேனர்ங்கறதால (தட்டையான மெல்லிய ஷீட் அதிர்ந்து சத்தம் எழுப்பற வகை) இம்பீடன்ஸ் எல்லா ஃப்ரீக்வென்ஸிலயும் ஒரே மாதிரி, அதனால பேஸ் மேடும் வராது, சும்மா சத்தம் கொறையும், ஏத்துனா கரகரக்கும். ஓடிஎல் ஆம்ப் வச்சிருக்கற யாரும் லோ இம்பீடன்ஸ் ஹெட்ஃபோன வாங்கிட்டு 'இது நல்லா இல்ல'ன்னு எழுதாதீங்க, அந்த ஹெட்ஃபோன் பாவம்.

சுஸ்வாரா பத்தி தனியா சொல்லணும், ஏன்னா பெரிய ஆம்ப் இல்லாம தொடவே கூடாதுன்னு அதுக்கு பேரு. 60 ஓம், சென்சிட்டிவிட்டி (1 மில்லிவாட்டுக்கு எவ்ளோ சத்தம் வரும்ங்கறது) 83 டெசிபல். 110 டெசிபல் பீக் வேணும்னா 500 மில்லிவாட், அதாவது அஞ்சரை வோல்ட் வேணும். இதே 110க்கு யுடோப்பியாக்கு (80 ஓம், 104 டெசிபல்) 4 மில்லிவாட் போதும், அர வோல்ட்ட கொஞ்சம் தாண்டும். நூறு மடங்குக்கு மேல வித்தியாசம் பாத்துக்கோங்க! சுஸ்வாராவ டாங்கிள்ல சொருகி ஃபுல் வால்யூம் வச்சேன், கணக்குப்படி 95 டெசிபல் கிட்ட முட்டி நிக்கும், கேட்டதும் அப்படிதான் இருந்துச்சு. இப்பத்திய சினிமா பாட்டு, சத்தமா மாஸ்டர் பண்ணது, தாராளமா ஓடுச்சு. மெதுவா ரெக்கார்ட் பண்ண வீணை கச்சேரி போட்டா பத்தல, கைய வால்யூமுக்கு கொண்டு போறேன், ஏத்த இடமே இல்ல. 789ல போட்டதும் சரியாயிடுச்சு. ஆனா அதோட குணம் மாறல, சத்தம்தான் மாறுச்சு. டாங்கிளுக்கு எட்டுற அளவுல ரெண்டையும் சமம் பண்ணி கேட்டப்ப எனக்கு பிரிச்சு சொல்ல முடியல. இன்னும் பெரிய ஆம்ப்ல 'உயிர் வரும்'னு நண்பர் சொல்றாரு, அவர்கிட்ட ஸ்பீக்கர் ஆம்ப்பே இருக்கு, மல்டிமீட்டரோட வரேன்னு சொன்னேன், இன்னும் தேதி குடுக்கல.

ஹெட்ஃபோன் பக்கம் வந்தா இந்த காசு சுண்டுற வேலையே தேவையில்ல. கண்ண கட்டுனாலும் தலைல வச்ச நொடி எது எதுன்னு எடையே காட்டிக் குடுத்துடும், எல்சிடி-எக்ஸ் 612 கிராம், 800 எஸ் 330. சவுண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்தான், ரெண்டு ஆம்புக்கு நடுவுல தேடித் தேடி பாத்த வித்தியாசம் இங்க தானா வந்து மேல விழுது.

650 வாய்ஸுக்கு. அதுல பாடுறவங்க மூச்சு இழுக்கறது, பல்லவி திரும்ப எடுக்கும்போது கொரல் லேசா தளர்றது எல்லாம் கிட்டக்க உக்காந்து கேக்கற மாதிரி. ஆனா அடி பேஸ் கிடையாது, 60 ஹெர்ட்ஸுக்கு கீழ சரிஞ்சுடும், சத்தம் எல்லாம் தலைய சுத்தி ஒரு சாண் தூரத்துலயே நிக்கும். 800 எஸ் அதுக்கு நேர் எதிர், பெரிய மண்டபத்துல நடு வரிசை. வயலின் அந்த ஓரம், கடம் இந்த ஓரம், நடுவுல காத்து. அந்த அகலத்துக்கு அதோட பெரிய கப்பும், காதுக்கு முன்னாடி சாய்ச்சு வச்ச 56 மில்லிமீட்டர் ட்ரைவரும் பெரிய காரணம். 2009ல வந்த பழைய எச்டி 800ல 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மை உண்டு, ஸ, ஷ எல்லாம் ஊசி மாதிரி வரும், எஸ் மாடல்ல அத உறிஞ்சிக்கறதுக்குன்னே ஒரு ரெசனேட்டர் வச்சு நல்லா கொறச்சிருக்காங்க. இருந்தாலும் மோசமா ரெக்கார்ட் பண்ண பழைய பாட்டு இதுல கேக்காதீங்க, பாட்டு மேலயே வெறுப்பு வந்துடும்.

எல்சிடி-எக்ஸ் பேஸ் அடி வரைக்கும் சமமா போகும், ஆர்கன், எலக்ட்ரானிக் பேஸ்லாம் காதுல இல்ல தாடைல கேக்கும். வாய்ஸ் மட்டும் கொஞ்சம் பின்னாடி தள்ளி நிக்கும், 3-4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம், அத ஈக்வலைசர்ல 3 டெசிபல் தூக்கி விட்டா வேற ஹெட்ஃபோன் ஆயிடுது. ஒரு எச்சரிக்கை, நான் கண்ணாடி போடறவன், கண்ணாடிக் காம்பு பேட்ல (காத சுத்தி உக்கார்ற மெத்த) இடைவெளி விட்டுச்சுன்னா பிளேனர்ல அடி பேஸ் அப்படியே ஒழுகிப் போயிடும். கண்ணாடிய கழட்டி ஒரு தடவ கேட்டுட்டு அப்பறம் குறை சொல்லுங்க.

யுடோப்பியாவோட பலம் தட்டு. பெரிலியம் டோம், மிருதங்கத்துல வலந்தலைல வெரல் பட்டு எடுக்கற அந்த ஒரு கணம் வேற எதுலயும் இவ்ளோ துல்லியமா வரல, டாங்கிள்ல போட்டாலும் அதே துல்லியம்தான், இத டைப் பண்ணும்போது எனக்கே சிரிப்பு வருது. ஆனா மேடை, அதாவது சவுண்ட் பரவி நிக்கற இடம், சின்னது. சுஸ்வாரா அஞ்சுலயும் எனக்கு ரொம்ப புடிச்சது, ஏன்னு சொல்றதுதான் கஷ்டம், எதுவும் தனியா துருத்திக்கிட்டு நிக்கல, மூணு மணி நேரம் கேட்டாலும் காது களைக்கல. மொத நாள் 'இவ்ளோதானா?'ன்னு தோணுச்சு, நாலாவது நாள் 650 எடுத்து மாட்டுனப்பதான் எத விட்டுட்டு வந்தோம்னு தெரிஞ்சது.

கேபிள் மாத்திப் பாத்தேன், ஒண்ணும் இல்ல, அடுத்து. பேலன்ஸ்டு அவுட்புட்ல (லெஃப்ட் ரைட் ரெண்டுக்கும் தனித்தனி ஜோடி வயர்) வால்யூம் கூடுது, அத சமம் பண்ணா அதுவும் போச்சு. பேட் மட்டும் வெளையாட்டு இல்ல, என் 650ல பழைய அமுங்குன பேட்ட எடுத்துட்டு புதுசு போட்டப்ப வந்த மாற்றம் மூணு ஆம்ப் மாத்துனதுல வந்தத விட பெருசு, ட்ரைவர் காதுலேர்ந்து எவ்வளவு தூரம்ங்கறதே மாறிடுது இல்லயா. ஸ்டாக்ஸ் கம்பெனி மாதிரி எலக்ட்ரோஸ்டாட்டிக் (மின்னூட்டத்தால ஷீட் அதிர்ற வகை) ஹெட்ஃபோன் பத்தி கேக்கறவங்களுக்கு, அதுக்கு 580 வோல்ட் பயஸ் (எப்பவும் குடுத்துக்கிட்டே இருக்கற வோல்ட்டேஜ்) குடுக்கற தனி ஆம்ப் வேணும், இந்த மூணுலயும் சொருகவே முடியாது, அதனால இந்த கணக்குல அது சேராது.

சுஸ்வாராவும் யுடோப்பியாவும் திரும்பப் போயாச்சு. எல்சிடி-எக்ஸ விக்கலாமானு யோசிக்கறேன், 789 இருக்கட்டும், என்னிக்காவது சுஸ்வாரா வாங்குனா அதுக்கு வேணும். அந்த 85 ஹெர்ட்ஸ் மேட்ட 'ட்யூப்'னு பேர் போட்டு சேவ் பண்ணி வச்சிருக்கேன். ஆனா நேத்து ராத்திரி 650 கேக்கலாம்னு உக்காந்தப்ப கை தானா அந்த ட்யூப் ஆம்ப் ஸ்விட்சுக்குத்தான் போச்சு, தம்பி கதவுகிட்ட நின்னு பாத்துட்டு "அதான் ஈக்வலைசர் இருக்கே?"ன்னான். ட்யூப் சூடாகட்டும் பேசாம இருடான்னு சொல்லிட்டேன்.